ஒரே வயலில் பல நெல்
(அரிமளம் குடியானவர்களுக்குச் செய்த பிரசங்கம்)

அரிமளம் பக்கத்து நெற்பயிர் வான்மழையையும் கண்மாய் நீரையும் நம்பியது. ஒரே பெயருள்ள நெல்லை விதைத்த வயலிலும் செடிக்குச் செடி வித்தியாசம் உண்டு. ஒன்று முந்திக் கதிர்விடும், ஒன்று பிந்தும். ஒன்று வறட்சியில் வாடும், ஒன்று தாங்கும். வரப்போரச் செடி செழித்திருப்பது இடத்தின் பலன். அது விதையில் தொடராது. பிறவிக் குணமே விதையில் தொடரும்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆகையால் நடுவயலில் நல்ல செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கதிரையும் தனித்தனியே உலர்த்தி, மறு வருஷம் தனித்தனி வரிசையாக நட்டுப் பார்க்க வேண்டும். வரிசை முழுவதும் அக்குணம் காணப்பட்டால் அது பிறவிக் குணமென்று கொள்ளலாம். 1912-ல் கோயமுத்தூரில் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இம்முறையைக் கைக்கொண்டது. 1921-ல் வெளியான ஜி.ஈ.பி. 24 என்னும் சன்ன ரகம், தனித்துக் காணப்பட்ட ஒரே செடியின் சந்ததி. ஆந்திர தேசத்துப் பாபட்லாவில் உண்டாக்கப்பட்டு 1986-ல் வெளியாகி, தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று வழங்கும் பி.பி.டி. 5204-க்கும் அது மூதாதை.

பொறுக்கிய விதையால் பயிர் ஒருங்கே முதிரும், அறுவடை எளிது. ஆயினும் வயல் முழுவதும் ஒரே குணமாயிருந்தால், ஒரே நோய் முழுவதையும் அழிக்கக்கூடும். அப்பொழுது தாங்கி நிற்கும் செடி பழைய கலப்பு விதையிலேயே கிடைக்கலாம்; அவ்விதை அற்றுப்போனால் மீட்பது அரிது. ஆகவே நல்ல கதிரைப் பொறுக்குக. பழைய விதையிலும் ஒரு மரக்காலை ஆண்டுதோறும் விதைத்துக் காத்து வருக.