கோடை வேலையும் ராட்டினக் கம்பியும்



நம்மில் சிலர் அமெரிக்காவில் குடியேறி, பிள்ளைகளை அங்கே வளர்க்கிறீர்கள். அங்கே கோடை விடுமுறை வந்தால் பள்ளிப் பிள்ளைகள் கேளிக்கைப் பூங்காக்களில் வேலைக்குச் சேருவார்கள். ஈரி ஏரிக்கரையில் 1870-இல் தொடங்கிய சீடர் பாயிண்ட் போன்ற பூங்காக்கள் இப்படிப்பட்ட பருவ வேலையாட்களை நம்பித்தான் ஓடுகின்றன.

1938-இல் வந்த மத்திய அரசுச் சட்டமும் அதன் விதிகளும் 14, 15 வயதினர் ராட்டினம் இயக்குவதைத் தடுக்கின்றன. அவர்களுக்கு விடுமுறையில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணிதான் வேலை. 16 வயது ஆகிவிட்டால் அந்தச் சட்டத்தில் நேர வரம்பே கிடையாது. வருஷத்தில் 7 மாதத்துக்கு மேல் நடக்காத பூங்காவுக்கு, குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் இரண்டிலும் விலக்கு வேறு! சில மாநிலங்களில் இதைவிடக் கடுமையான சட்டம் உண்டு.

இன்ஜினீயர் என்ற முறையில் ஒன்று சொல்றேன். ரோலர் கோஸ்டரில் இரண்டு வண்டிகள் மோதாமல் சென்சாரும் பிரேக்கும் பார்த்துக்கொள்ளும். ஆனால் மடிமேல் இறங்கும் கம்பி பூட்டியிருக்கா என்று ஒவ்வொரு இருக்கையாக இழுத்துப் பார்ப்பது ஓர் இளைஞனின் கை. நாள் முழுக்க வெயிலில் நின்றால், அந்தக் கை இழுத்துப் பார்க்காமல் வெறுமனே தொட்டுவிட்டுப் போகும். களைப்பை அளக்க அங்கே சென்சார் இல்லை.

பிள்ளை வேலைக்குப் போறேன்னு சொன்னா தடுக்காதீங்க. உழைத்த காசின் அருமை தெரியட்டும். ஆனால் எத்தனை மணி நேரம், எத்தனை இடைவேளை, யார் பயிற்சி கொடுப்பாங்க என்று கேட்டுட்டு அனுப்புங்க.