கதிரும் குறியும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குச் செல்வோர், ரமண மகரிஷி தம் இறுதி நாட்களைக் கழித்த சிற்றறையைக் காண்பர். அவரது இடக்கையில் எழுந்த சிறு கட்டி, சார்க்கோமா என்னும் புற்று என 1949-ஆம் ஆண்டு தெரியவந்தது. நான்கு முறை அறுவை செய்தனர். ரேடியமும் வைத்துப் பார்த்தனர். கட்டியோ மீண்டும் மீண்டும் முளைத்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். அவ்வறையின் முன் நிற்குந்தோறும், ரேடிய காலத்திற்குப் பின் கதிர் மருத்துவம் கற்றுக்கொண்டது யாது என்று எண்ணுவேன். குறி பார்த்தல் என்பதே விடை.

கதிர், உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைப்பது. புற்றணுவை மட்டுமின்றி நல்ல அணுவையும் அது தாக்கும். இதன் அருமை முதுகெலும்பில் புலனாகும். மார்பகம், நுரையீரல் முதலியவற்றில் தோன்றும் புற்று, சில வேளைகளில் முதுகெலும்புக்குப் பரவுகிறது. அங்கே சில மில்லிமீட்டர் தொலைவிலேயே தண்டுவடம் ஓடுகிறது. அதன்மீது கதிர் அளவு மீறினால் கால்கள் செயலற்றுப் போகக்கூடும்.

கார்த்திகை தீபத்துக்கு எத்திசையிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். தொலைவில் ஒவ்வொரு சாலையிலும் செல்வோர் சிலரே. யாவரும் கூடும் சந்நிதியிலோ நிற்க இடமிராது. இன்றைய கருவியும் அவ்வாறே மெல்லிய கதிர்களைப் பல கோணங்களிலிருந்து செலுத்துகிறது. அவை சேருமிடத்தில் மட்டுமே வலிமை பெருகும். நோயாளியை அசையாது கிடத்தி, ஸ்கேன் படங்களைக் கொண்டு இடத்தை அளந்து, தண்டுவடத்தை விலக்கிக் குறி வைக்கின்றனர்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 229 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. இம்முறையில் இரு தவணைகளில் 24 கிரே கதிர் பெற்றோருள், மூன்று மாதங்களில் நூற்றுக்கு 35 பேருக்கு வலி முற்றும் நீங்கியது. பழைய முறையில் ஐந்து தவணைகளில் 20 கிரே பெற்றோருள் 14 பேருக்கே நீங்கியது. ஒரே தவணையை ஆராய்ந்து 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இத்தகைய மேன்மையைக் காணவில்லை. ஆகவே, யாருக்கு எம்முறை ஏற்றது என்பதை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற பெரியவர் யாரேனும் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர் இரவில் மிகும் முதுகுவலியையோ, கால் தளர்ச்சியையோ கூறினால், முதுமை என்று தள்ளிவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நடை இருக்கும்போதே மருத்துவம் பெறுவோருக்கு அந்நடை நிலைக்கும் வாய்ப்பு மிகுதி. ஓய்ந்துவிட்ட காலை எந்தக் கதிரும் எளிதில் மீட்டுத் தருவதில்லை.