தாயும் சேயும் நலம்



பிரசவ அறை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். கதவு திறந்ததும் கூட்டம், “என்ன குழந்தை?” என்று கேட்கும். ஓரமாக நிற்கும் ஒருத்தி மட்டும், “எம் பொண்ணு எப்படிம்மா இருக்கா?” என்பாள். அவள் பெண்ணைப் பெற்றவள். முப்பத்தைந்து ஆண்டு அரசுப் பணியில், தாய்சேய் நலக் கொள்கை இந்த இரண்டாவது கேள்விக்கு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்தவள் நான்.

பணியில் சேர்ந்த புதிது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பாட்டி பேரக்குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார். பதிவேட்டில் குழந்தைக்குரிய கட்டங்கள் ஒழுங்காக நிரம்பியிருந்தன. தாயின் பெயர்மேல் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு. பிரசவித்த இரவே இரத்தப்போக்கில் போய்விட்டாள். எங்கே, எதனால் தாமதம் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று சொல்லிச் சொல்லியே, பிழைக்காமல் போவதையும் விதியின் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தோம்.

1985இல் ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் லான்செட் இதழில் இதைத்தான் கேட்டார்கள்: தாய்சேய் நலத்தில் தாய் எங்கே? ரோசன்ஃபீல்ட் மகப்பேறு மருத்துவர். தாய்லாந்தில் பணியாற்றியபோது, கிராமத்துத் துணைச் செவிலியர்களே கருத்தடை மாத்திரை வழங்க முடியும் என்று நடத்திக் காட்டியவர். 1987இல் நைரோபியில் பாதுகாப்பான தாய்மைக்கான உலக முயற்சி தொடங்கியது. 1994இல் தாடியஸ் என்பவரும் மெய்னும் மூன்று தாமதங்களை வகுத்தனர்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். ஆபத்துள்ள கர்ப்பிணிகளை முன்பே பிரித்தெடுத்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. மாதாமாதம் பரிசோதனைக்கு வந்து, எந்தக் குறையும் இல்லாதவளுக்கும் பிரசவத்தன்று இரத்தப்போக்கு வரலாம். ஆகவே இரத்தமும் அறுவை அரங்கும் எல்லாப் பெண்களுக்கும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு இந்தத் திசையில் முன்னே நடந்தது. 1990களிலேயே தாய் இறப்புகளைப் பதிவுசெய்து தணிக்கை செய்யத் தொடங்கினோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்த்தார்கள். சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு சிகிச்சை மையங்களும் 108 அவசர ஊர்தியும் வந்தன. மாதிரிப் பதிவு முறைக் கணக்கில், ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2001–03இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20இல் 54 ஆனது.

தணிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். “யார்மேல் நடவடிக்கை?” என்ற பேச்சு எழுந்த மறுநிமிடம் அறை அடங்கிவிடும். அடுத்த மாதம் வரும் கேஸ் ஷீட்டுகள் பளிச்சென்று இருக்கும். இரத்தப்போக்கு தொடங்கிய நேரம் மட்டும் அதில் இருக்காது. கண்டிப்புக்குப் பயந்தவர் முதலில் மறைப்பது கடிகாரத்தைத்தான். இறந்தவளின் வீட்டார் வந்து பேசும்போதோ எல்லாம் வெளிவரும்: வாடகைக் கார் கிடைக்காத ஒரு மணி நேரம், இரத்த வகை கேட்டு அலைந்த ஒரு மணி நேரம்.

இன்று சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்துப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இரத்தசோகை. உயிர் காக்க அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த கத்தி பழக்கமாகிவிட்டது. கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் செய்ய வேண்டிய வேலை முடியவில்லை. இரத்தம் குறைந்த உடம்பு சிறு இழப்பையும் தாங்காது. இவ்விரண்டையும் தனித்தனி அமர்வுகளில் பேசாமல் சேர்த்துப் பேசுங்கள் என்பது என் கோரிக்கை.

மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு மாற்றம் செய்யத் தலைவருக்குள்ள உரிமையைப் பயன்படுத்துகிறேன். முதல் அமர்வில் பேராசிரியர்களுக்கு முன்பாக, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர் பேசுவார். அந்தப் பிரசவ அறை வாசலில் நின்று பதில் சொல்லிப் பழகியவர் அவர்தான்.