உடலில் உப்பும் நீரும்

தொழிலை நாடியும், உத்தியோக மாற்றத்தாலும், தமிழ்நாட்டை விட்டு வந்து டில்லியிலும் நாகபுரியிலும் கான்பூரிலும் குடியேறியிருக்கும் நாம், முதற்கோடையிலேயே ஒரு வேற்றுமையைக் காண்கிறோம். சென்னையில் சித்திரை மாதத்து நண்பகலில் சிறிது தூரம் நடந்தாலும் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வடக்கே அதனினும் கடுமையான வெயிலில் நடந்தாலும் சட்டை உலர்ந்தே இருக்கிறது. ஆகவே, இங்கே வியர்ப்பதில்லை என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. வடக்கின் வறண்ட காற்று, வியர்வை தோலின்மேல் துளிர்த்த கணத்திலேயே அதை உறிஞ்சிக்கொள்கிறது. இழப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் உடல் அதைக் கணக்கிட்டுக்கொண்டேயிருக்கிறது. அந்தக் கணக்கு எவ்வாறு நடைபெறுகிறது என்பதையே இன்று ஆராய்வோம்.

எழுபது கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆடவரின் உடலில் ஏறக்குறைய 42 லிட்டர் நீர் இருக்கிறது. எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு நீரே. இதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்குள்ளே அடங்கியிருக்கிறது. எஞ்சிய பங்கு அவற்றுக்கு வெளியே, அணுக்களைச் சூழ்ந்தும் இரத்தத்தில் கலந்தும் உலவுகிறது. குருதிநீராக நாளங்களில் ஓடுவது சுமார் மூன்று லிட்டர்தான். இந்த மூன்று லிட்டர் வெகுவாகக் குறைந்துவிட்டால் நாடி தளரும். உயிருக்கே ஆபத்து நேரும்.

இந்த நீர் வெறும் நீரன்று; உப்புகள் கரைந்த நீர். அணுக்களுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளேயோ பொட்டாசியம் மிகுதி. ஒரு லிட்டர் குருதிநீரில் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கும். பொட்டாசியம் மூன்றரை முதல் ஐந்து வரையே இருக்கும். அந்தச் சிறு அளவு சற்று மிஞ்சினாலும் குறைந்தாலும் இதயத்தின் துடிப்பே தடுமாறும். உள்ளும் புறமும் இவ்வேற்றுமையை நிலைநிறுத்துவதற்கு ஒவ்வோர் அணுவின் சவ்விலும் நுண்ணிய இறைப்பொறிகள் உண்டு. ஒரு தடவை இயங்கும்போது மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே வாங்குகின்றன. டென்மார்க் நாட்டு விஞ்ஞானி யென்ஸ் ஸ்கூ 1957-ஆம் ஆண்டில் இப்பொறியைக் கண்டு வெளியிட்டார். அதற்காக நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1997-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உப்பு எங்கே மிகுந்திருக்கிறதோ, அங்கே நீர் செல்லும். ஊறுகாய்க்கு மாங்காயை அரிந்து உப்பிட்டால் மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். காயினுள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. நம் உடலிலும் நடப்பது இதுவே. குருதியில் உப்பின் செறிவு ஏறினால் அணுக்களிலிருந்து நீர் வெளியேறி அவை சுருங்கும். செறிவு இறங்கினால் நீர் உட்புகுந்து அவை வீங்கும். மூளையின் அணுக்கள் வீங்குவதற்கு மண்டையோட்டினுள் இடம் ஏது? ஆகவேதான் உடல் இச்செறிவை மிகக் கண்டிப்புடன் காக்கிறது.

இதற்குரிய காவலன் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்னும் உறுப்பு. குருதியின் செறிவு நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ உயர்ந்தாலே போதும். அது இரண்டு ஆணைகளைப் பிறப்பிக்கிறது. ஒன்று தாகம்: வெளியிலிருந்து நீரைக் கொண்டுவா என்பது அதன் பொருள். மற்றொன்று வாசோப்ரெஸின் என்னும் ஹார்மோன். பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியே குருதியில் கலந்து, உள்ள நீரைச் சிக்கனம் செய் என்று சிறுநீரகங்களுக்கு அறிவிக்கிறது.

சிறுநீரகங்களின் உழைப்பு வியப்புக்குரியது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெப்ரான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அவ்வளவும் வெளியேறினால் நாம் என்னாவோம்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீண்டும் குருதிக்கே திரும்புகிறது. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. நீர் போதாதபோது வாசோப்ரெஸின் மிகுந்து, சிறுநீர் அளவில் சிறுத்து நிறத்தில் அடர்கிறது. ஆனால் எவ்வளவு சிக்கனம் செய்தாலும், கழிவுகளைக் கரைத்து அகற்ற நாளொன்றுக்கு அரை லிட்டர் நீராவது செலவாகியே தீரும். சிறுநீரகம் நீரைச் சேமிக்கும், புதிதாக உண்டாக்காது. பற்றாக்குறையை நாம் குடித்தே ஈடு செய்ய வேண்டும்.

உப்பின் கணக்குக்கு வேறு கணக்கர்கள் உண்டு. குருதியின் அளவு குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளை வெளியிடும். அதிலிருந்து தொடங்கும் வரிசையின் முடிவில், சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும். அது சோடியத்தைத் தடுத்து நிறுத்தும். சோடியத்தின் பின்னே நீரும் நிற்கும். மாறாக, குருதி மிகுந்து இதயத்தின் மேலறைகள் விரிந்தால், இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து சோடியத்தை வெளியேற்றச் செய்யும். குருதியை இறைப்பது ஒன்றே இதயத்தின் வேலை என்று கருதியிருந்தவர்களுக்கு 1981-இல் வெளியான இச்செய்தி புதுமையாக இருந்தது.

இனி நம் கோடைக்கு வருவோம். சுற்றுப்புறத்தின் வெப்பம் 37 பாகையைத் தாண்டினால், உடலைக் குளிர்விக்கும் வழி வியர்வை ஆவியாவது ஒன்றுதான். வெயிலில் கடுமையாக உழைப்பவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழக்கக்கூடும். நீரோடு உப்பும் போகிறது. புதிதாக வெப்பமான இடத்துக்கு வந்தவருக்கு முதல் நாட்களில் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறும். ஒன்று இரண்டு வாரங்கள் சிறுகச் சிறுகப் பழகினால், வியர்வை விரைவிலேயே தொடங்கும். அதில் போகும் உப்போ குறையும். ஆதலின் ஊரிலிருந்து மே மாதத்தில் வந்திறங்கும் உறவினரை முதல் நாளே கோட்டை கோபுரம் காட்ட நண்பகலில் அழைத்துச் செல்வது விருந்தோம்பலாகாது.

இழப்பு வியர்வையால் மட்டும் வருவதில்லை. பேதியால் வரும் இழப்பு இன்னும் விரைவானது. காலரா கண்ட ஒருவர் சில மணி நேரத்திலேயே பல லிட்டர் நீரையும் அதிலுள்ள உப்பையும் இழந்து மடிவதுண்டு. குடித்த நீர் தங்குவதில்லை. நாளத்தில் உப்புநீர் ஏற்றுவதே நெடுங்காலம் முறையான சிகிச்சையாக இருந்தது. ஆனால் குடலில் ஒரு திறவாத வழி திறந்தே இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். சோடியமும் குளுகோஸும் கைகோத்துக்கொண்டு வந்தால், நோயுற்ற குடலும் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. அவற்றின் பின்னே நீரும் உட்செல்கிறது. ராபர்ட் கிரேன் என்பவர் 1960-இல் இந்த இணைப்பை விளக்கினார். 1968-இல் டாக்காவில் காலரா நோயாளிகளிடம் இது பயன்படுவது தெளிவாயிற்று.

உண்மையான சோதனை 1971-இல் வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். எல்லையோரத்துப் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகாலநபீஸ், குளுகோஸ், சாதாரண உப்பு, சமையல் சோடா ஆகியவற்றைப் பொட்டலங்களாகக் கட்டி வரவழைத்தார். அதை நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்கச் செய்தார். முன்னர் நூற்றுக்கு முப்பது பேர் இறந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்று கிடைக்கும் பொட்டலத்தின் வரலாறு இது. அவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு நாட்டின் பத்மவிபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அஞ்சித் தடுப்பது நம் இல்லங்களில் பழைய வழக்கம். அது பெருந்தீங்கு. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பொட்டலம் கிடைக்கும் வரையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம். உப்பு மிகுந்தால் ஆபத்து. கரைசல் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. கண்கள் குழிந்தாலோ, குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கும் இரண்டொரு வார்த்தைகள். முதுமையில் தாகவுணர்வு மங்கும். ஆகவே வீட்டிலுள்ள முதியவர் கேட்காவிட்டாலும் நாமாகவே நீர் கொடுப்பது கடமை. வெயிலில் பல மணி நேரம் உழைத்து வியர்த்தவர் வெறும் நீரையே குடம் குடமாகக் குடித்தால் குருதியில் சோடியம் தாழ்ந்து தலைவலியும் மயக்கமும் வரலாம். உப்பிட்ட மோரும் கஞ்சியும் அவருக்கு நல்லவை. ஆனால் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பையும் நீரையும் மருத்துவர் சொன்ன அளவிலேயே கொள்ள வேண்டும். வெயிலில் ஒருவர் உடல் கொதித்து, நினைவு தடுமாறினால், நிழலில் கிடத்தி, உடம்பை நீரால் நனைத்து விசிறி, தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

நாம் எந்த ஊரில் குடியிருந்தாலும், நம் உடல் தன் உப்பையும் நீரையும் அதே அளவில் காத்துக்கொள்ளவே இரவும் பகலும் முயல்கிறது. அம்முயற்சி வெற்றி பெறுவதற்கு வேண்டிய பொருள்கள் அரிய மருந்துகள் அல்ல. அவை நம் சமையலறையில் உப்பு ஜாடியிலும் சர்க்கரை டப்பாவிலும் தண்ணீர்ப் பானையிலும் இருக்கின்றன. அளவறிந்து எடுத்துக் கொடுப்பதே நம் பங்கு.