மயிலை ஏன் எமக்குப் பிடிக்கவில்லை?

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



எண்பதுகளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றத்தில், வாடகைக்கு எடுத்த டெக்கில், அயலவர் எல்லோரும் கூடியிருந்து பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்தைப் பார்த்தோம். மயில் என்ற பெண்ணை மிருக வைத்தியர் கைவிட்டுப் போகும் கட்டம் வந்தது. பாயிலிருந்த மாமி ஒருவர், "நல்லாய் வேணும் அவளுக்கு" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் திருப்தி எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1977 செப்டெம்பரில் வெளிவந்த அந்தப் படம் பாரதிராஜாவின் முதற் படம். மயிலாக நடித்தவர் 2018இல் மறைந்த ஸ்ரீதேவி. படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 14. கதை நேயர்கள் பலர் அறிந்ததே. மயிலுக்கு ஆசிரியையாக வேண்டும். பட்டணத்துப் படித்த மாப்பிள்ளையும் வேண்டும். அவள் வீட்டில் அண்டி வாழும் அநாதையான சப்பாணி, காலை இழுத்து நடப்பவன், அவளில் உயிரையே வைத்திருக்கிறான். அவளோ அவனைக் கண்டால் முகத்தைச் சுழிக்கிறாள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சப்பாணியின் கோலத்துக்குள் இருப்பவர் கமல்ஹாசன் என்பது எமக்குத் தெரியும், மயிலுக்குத் தெரியாது. அழகான நடிகனை அவள் இகழ்கிறாளே என்று நாங்கள் கோபிக்கிறோம். உண்மையான ஒரு சப்பாணிக்கு எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கொடுப்போமா என்று ஒரு கணமேனும் யோசிப்பதில்லை.

மயில் விரும்பியதில் எது புதுமை? 'பிள்ளை வடிவு, நிறம், உத்தியோக மாப்பிள்ளையாய்ப் பாருங்கோ' என்று தரகரிடம் சொல்லாத வீடு எங்கள் ஊரில் எத்தனை? பெற்றோர் சொன்னால் அது பொறுப்பு. பதினாறு வயதுப் பெட்டை தன் வாயாலே சொன்னால் திமிர். தன் வடிவைத் தவிரக் கைமுதல் எதுவும் இல்லாதவள் அவள். அந்தக் கிராமத்தை விட்டு வெளியேற வேறு வழியில்லாமற் போய்விடுமோ என்ற பயம்தான் அவளது அகங்காரத்தின் மறுபக்கம். சப்பாணியை அவள் வெறுப்பதுகூட, அவனைப் பார்க்கும்போது தன் வருங்காலத்தைப் பார்த்துவிடுவதாலேயே என்று எனக்குப் படுகிறது.

அதே காலத்தில் யாழ்ப்பாண மண்ணில் தர்மசேன பத்திராஜா எடுத்த 'பொன்மணி'யில் சீதனமும் சாதியும் பெண்ணை நெரிக்கின்றன. அங்கே இரங்குவது எமக்குச் சுலபம். பொன்மணி யாரையும் எள்ளி நகையாடவில்லையே! மயிலுக்கு இரங்குவதற்கு எம்மையே கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்காக நெறியாளர் அவளுக்கு முழு நியாயம் செய்தார் என்றும் சொல்லமாட்டேன். வைத்தியர் போகிறார், ஊர் கதைக்கிறது, தாய் இறக்கிறாள். இத்தனை அடிகளின் பிறகே அவள் 'நல்லவள்' ஆகிறாள். தண்டனை பெற்றால்தான் பெண்ணை மன்னிப்போம் என்பது எங்கள் சினிமாவின் பழைய வழக்கம்.

ஆனாலும் ஒரு கட்டம் என்னை இன்றும் விடவில்லை. 'இனி உன்னைச் சப்பாணி என்று அழைப்பவனை அறைந்துவிடு, கோபாலகிருஷ்ணன் என்றால் மட்டும் ஏன் என்று கேள்' என மயில் அவனுக்குப் பழக்குகிறாள். அவன் பரட்டையையும் அறைகிறான், வைத்தியரையும் அறைகிறான். முற்றத்தில் ஒரே கைதட்டல். அந்தப் பெயரால் அவனை ஓயாமல் விரட்டியவள் மயில்தான். அவளுக்குரிய அறையை அவன் கொடுக்கவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெயரைத் திருப்பிக் கொடுத்ததோடு சரி.

படம் தொடங்குவதும் முடிவதும் புகையிரத நிலையத்தில். பரட்டையைக் கொன்று சிறை சென்றவனுக்காக அவள் காத்திருக்கிறாள். அந்த இடத்தில் எங்கள் மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைத்தியருக்காக மயில் கைவிட்ட ஆசிரியர் பயிற்சி என்னவாயிற்று என்று கேட்க மட்டும் அன்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.