இல்லத்து மின்சாரம்: அளந்தறிதலும் குறைத்தலும்



சேலம், நாமக்கல் சமவெளியின் மின்சார வரலாறு மேட்டூரோடு பிணைந்தது. 1925-இல் தொடங்கிய அணைப்பணி 1934-இல் நிறைவுற்றது. 1937-இல் அணையடியில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. பாசனத்திற்குச் செல்லும் காவிரி நீரே மின்சாரத்தையும் தந்து சென்றது. பயன்படுத்துவோர் பெருகப் பெருக நீர் மட்டும் போதவில்லை. 1987 முதல் அதே மேட்டூரில் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்து வருகிறது. அங்கே 210 மெகாவாட் திறனுடைய நான்கு பிரிவுகளும், 2013-இல் சேர்ந்த 600 மெகாவாட் பிரிவு ஒன்றும் உள்ளன. இத்தகைய நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் பெற ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறிக்காகவும் அக்கரி எரிகிறது. அதன் சாம்பலும் புகையும் இம்மாவட்டத்து மண்ணிலும் காற்றிலும் சேர்கின்றன.

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட மின்சாரம் இல்லாதிருந்தது. விசைத்தறிகள் ஓய்ந்து நின்றன. பிள்ளைகள் மெழுகுவத்தி ஒளியில் படித்தனர். அந்நாளில் மின்சாரத்தின் அருமை எல்லார்க்கும் தெரிந்திருந்தது. இன்றோ, இரண்டு திங்களுக்கு ஒருமுறை கட்டணத்தொகை தெரியவரும்பொழுதுதான் அதன் நினைவே எழுகிறது. தொகை தெரிகிறது, எந்தக் கருவி எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்வதே சிக்கனத்தின் முதற்படி.

யூனிட் என்பது எளிய கணக்கு. 1000 வாட் திறனுடைய கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். பழைய மின்விசிறி ஒன்றின் திறன் ஏறத்தாழ 75 வாட். விளக்கை அணைப்பதில் கண்ணாக இருக்கும் பலர் விசிறியைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், மூன்று விசிறிகள் நாள்தோறும் 15 மணி நேரம் சுழன்றால், இரண்டு திங்களில் 200 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தருகிறது. மூன்றையும் மாற்றினால் 200 யூனிட் என்பது 80 ஆகும். 120 யூனிட் மிஞ்சும்.

இந்த 120 யூனிட்டின் மதிப்பைக் கட்டண முறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 மே திங்களில் தமிழக வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பது நடைமுறைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதப்படி, சரியாக 500 யூனிட் செலவிட்ட இல்லத்திற்குக் கட்டணம் 1725 ரூபாய். 501 யூனிட் செலவிட்ட இல்லத்திற்கோ 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டிய உடனே, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உரிய சலுகை நீங்கிவிடுவதே காரணம். வீதங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன எனினும், கணக்கின் போக்கை விளக்க இதுவே போதும். அவ்வீதத்தில் 560 யூனிட் செலவிடும் இல்லம் 2430 ரூபாய் கட்டும். விசிறிகளை மாற்றி 440-க்கு வந்தால் 1365 ரூபாய்தான். விசிறி ஒன்றின் விலை மூவாயிரம் ரூபாய் என்று கொண்டாலும், பயன்பாடு ஆண்டு முழுதும் இவ்வாறே இருந்தால் ஒன்றரை ஆண்டில் முதல் திரும்பிவிடும்.

இனி, வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை. எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, மின்னளவியில் சிமிட்டும் சிவப்பு விளக்கைச் சிறிது நேரம் கவனிக்க வேண்டும். அது மேலும் சிமிட்டினால், எங்கோ ஒரு கருவி மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. தொலையியக்கியால் மட்டும் அணைக்கப்பட்ட தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டி அவற்றுள் ஒன்று. 10 வாட்டே எடுத்தாலும் இரு திங்களில் 14 யூனிட் போய்விடும். சுவர்ச் சுவிட்சை அணைத்தால் அது மிச்சம். வாரந்தோறும் ஒரே கிழமையில் மின்னளவியின் எண்ணை நாட்காட்டியில் குறித்து வந்தால், 500 நெருங்குவது முன்கூட்டியே தெரியும். இப்பணியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது நன்று. கணக்கும் வரும், பொறுப்பும் வரும்.

மற்றக் கருவிகளையும் சுருக்கமாகக் காண்போர்க்குச் சில குறிப்புகள். குளிர்சாதனத்தை 24 பாகையில் வைத்து, மின்விசிறியையும் மெல்ல ஓடவிடலாம். ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம் என்பது மத்திய எரிசக்திச் சிக்கனப் பணியகத்தின் கணக்கு. இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதியாதலால் வெந்நீர்க் கொதிகலனின் கம்பியில் காரை படியும். படிந்தால் நீர் சூடேற நேரம் கூடும். ஆண்டுக்கு ஒருமுறை துடைத்தல் நலம். மேல்தொட்டி நிரம்பி வழியும்வரை மோட்டாரை ஓடவிடுதல் நீருக்கும் மின்சாரத்திற்கும் ஒருங்கே இழப்பு. குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே காற்றோட இடம் வேண்டும்.

மின்தேவை மிகுவது மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை. கதிரவன் மறைந்ததும் சூரிய மின்சாரம் நின்றுவிடுவதால் அனல்மின் நிலையங்களின் சுமை கூடுகிறது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கமுடைய சமண இல்லங்களில் அடுப்படி வேலையும் பகலிலேயே முடிந்துவிடும். மாவரைத்தல், துணி துவைத்தல், தொட்டி நிரப்புதல் ஆகியவற்றையும் பகலுக்கு மாற்றிக்கொண்டால் அந்த நல்வழக்கம் முழுமை பெறும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய இல்லத் திட்டத்தில், 3 கிலோவாட் கூரை அமைப்பிற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. முதலில் செலவைக் குறைத்து, பிறகு கூரைக்குச் செல்வதே முறை. தேவை குறைந்தால் சிறிய அமைப்பே போதுமானதாகும்.

ஆகவே, இன்று இல்லம் திரும்பியதும் மின்னளவியின் எண்ணை ஒவ்வொரு குடும்பமும் குறித்துக்கொள்ளுமாக. அடுத்த கணக்கெடுப்பில் எவ்வளவு குறைந்தது என்பதை அடுத்த விழாவில் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.