அம்மாவின் துண்டுத்துணிப் பை



சீகிரியா என்றதும் காசியப்ப மன்னனின் கோட்டை, ஓவிய மங்கையர், கண்ணாடிச் சுவர்க் கவிதைகள் எல்லாம் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி அறிஞர்கள் நிறையவே பேசிவிட்டார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது, அந்தக் குன்றின் மேலே ஏறாமல் அடிவாரத்தில் ஒரு மர நிழலிலே அமர்ந்திருந்த என் தாயாரைப் பற்றியும் அவர் கையிலிருந்த ஊசியைப் பற்றியும்தான்.

நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். வீடு மாத்தளையில். சென்ற ஆண்டு பத்தாம் தர மாணவர்களைத் தம்புள்ளை வழியாகச் சீகிரியாவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். பஸ்ஸில் இடமிருந்ததால் என் மகளும் அம்மாவும் உடன் வந்தார்கள். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி வேறு. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு படிகள் என்றதும், "நீங்க போயிட்டு வாங்க, மகன். நான் இங்கனயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு சிங்களப் பெண் பன்பாய்களும் பன்பைகளும் விரித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

நாங்கள் மேலே போனோம். கண்ணாடிச் சுவரிலே கீறப்பட்ட பாடல்களில் 685ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் பதிப்பித்தார். பாடியவர்களில் பலர் தம் பெயரையும் ஊரையும் குறித்துவைத்திருக்கிறார்கள். பெண்களும் அவர்களில் உண்டு. ஆனால் பாடப்பட்ட அந்த ஓவியங்களைத் தீட்டியவன் பெயர் எங்கும் இல்லை. இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மகள் குறுக்கிட்டாள்: "அப்பா, இவங்க உடுப்பு யார் தைச்சது?"

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. அங்கே படமெடுக்கத் தடை இருப்பதால், கீழே வந்து ஓர் அஞ்சலட்டை வாங்கி, கேள்வியை அம்மாவிடமே கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். "துணி இருக்கிறதே தெரியாத அளவுக்கு மெல்லிசு. ஆனா கையில பாரு, ஓரம் தெரியுது. சுத்திக் கட்டின துணிக்கு இப்படிக் கை இருக்காது. இது தைச்ச ரவிக்கைதான்" என்றார். ஓவிய நூல்கள் என்ன கூறினும் ஆகட்டும். ஆயுள் முழுதும் ரவிக்கை தைத்த ஒருவரின் தீர்ப்பு இது.

தையல் நமக்கு நேற்று வந்த தொழிலல்ல. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையைப் பாருங்கள். புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பொற்கொல்லர், மண்ணால் உருச் செய்வோர் முதலியோரோடு துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்பவரையும் இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். அதற்கு அடுத்தபடியாக, கிழியாலும் கிடையாலும் பல பொருள்கள் செய்வோரைச் சொல்கிறார். கிழி என்பது துணி. கிடை என்பது நெட்டி. இன்று நம் பிள்ளைகள் பாடசாலைக்குக் கைப்பணி செய்துவரச் சொன்னால் தேடும் பொருள்களும் அவைதானே! புறநானூற்றின் 82ஆம் பாட்டிலே சாத்தந்தையார், ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பிள்ளைப்பேறு, வானத்திலே மழை, பொழுதோ சாய்கிறது என்ற நெருக்கடியில் கட்டில் பின்னும் ஒருவனைக் காட்டுகிறார். அவன் கையிலுள்ள ஊசியின் விரைவுதான் ஒரு மன்னனின் போர் விரைவுக்கு உவமை. வீட்டுக் கவலையோடு ஊசி பிடிப்பவனை இவ்வளவு அருகில் நின்று பார்த்த புலவர் வேறு யார் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் ஊசிக்கும் அப்படி ஒரு விரைவு இருந்தது. 1983 ஜூலையில் நாங்கள் குடியிருந்த வரிசை எரிந்தபோது எனக்கு மூன்று வயது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அம்மா தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கிலே போட்டுத் தோளில் சுமந்தாராம். இரும்பு; பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. நகைப் பெட்டியை எடுக்கவில்லை. "நகையை வித்தா ஒரு மாசம் சாப்பிடலாம், மெசின் இருந்தா கடைசி வரை சாப்பிடலாம்" என்று பிற்காலத்தில் விளக்கம் சொன்னார். முகாமிலிருந்து திரும்பிய பின், பழைய மேசையொன்றில் அந்தத் தலையைப் பொருத்தி, தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கையும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் தைத்தே என்னைப் படிக்க வைத்தார்.

இந்த மெசினைப் பற்றி இரண்டு செய்திகள். சிங்கர் கம்பனி இலங்கையில், கொழும்பு புறக்கோட்டையில் கடை திறந்தது 1877இல். அதே 1877இல் அதே கொழும்பில் பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. இயந்திரம் வந்து கைத்தொழிலை விழுங்குகிறதே என்று வருந்தி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டவர் அவர். மாத்தளை மாவட்டத்துப் பல்லேஹப்புவிதக் கிராமத்தார் நகத்தால் அரக்கு வேலை செய்யும் விதம்கூட அதில் பதிவாகியிருக்கிறது. அவருடைய மனைவி எதெல், கண்டிப் பகுதி ஊசிவேலைகளை ஆராய்ந்து, பின்னர் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நெசவுக் கலைஞரானார். ஆனால் இயந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகளே 1924இல் தையல் மெசினுக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் கண்டு அன்பினால் ஒருவன் செய்த கருவி என்பது அவர் சொன்ன காரணம். குமாரசுவாமி என் அம்மாவைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இனி, இத்தனை நேரம் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்புக்குப் போனபோது மற்றப் பையன்கள் ரெக்சின் பைகளோடு வந்தார்கள். அம்மா எனக்கு வெட்டுத்துணிகளை இணைத்து ஒரு தோள்பை தைத்துத் தந்தார். சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது, கோடு போட்டது என்று இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள். யார் யாருடைய ரவிக்கைகளில் மிஞ்சியவை என்று ஊருக்கே தெரியும். முதல் நாளே ஒருவன் தன் அக்காவின் சட்டைத் துணியை அதில் அடையாளம் கண்டு கூவினான். அடுத்த நாள் நான் அந்தப் பையை ஒரு மதகடியில் செருகிவிட்டு, புத்தகங்களைக் கையில் அடுக்கிக்கொண்டு போனேன். தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சில நாள் கழித்து அதே போன்ற பையொன்று அடுப்படியில் வெங்காயம் சுமந்து தொங்கியது. மிச்சத் துண்டுகளில் இன்னொன்று தைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

நன்னூலிலே சொல்லைப் பஞ்சாகவும், பாடலை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கும் பகுதியை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நூற்கும் பெண் என்றபோது ஒருநாளும் அந்த அடுப்படி என் நினைவுக்கு வந்ததில்லை.

சீகிரியாவுக்கு மீள்வோம். அந்தப் பெண்ணின் பன்பைகள் பார்க்க அழகாயிருந்தன. குளக்கரைப் பன்னை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்துப் பின்னியவை. முன்பு சிவப்புக்குப் பதங்கக் கட்டையும் மஞ்சளுக்கு மரமஞ்சளும் அவிப்பார்களாம். இப்போது பொட்டலச் சாயம். குறை என்னவென்றால், கைபிடி பொருத்திய இடத்தில் பன் நைந்து அறுந்துவிடுகிறது. வாங்கியவர்கள் சிலர் மாலையில் திரும்பி வந்து சண்டை பிடிக்கிறார்களாம். அம்மா தன் சேலைத் தலைப்போடு எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்து, ஒரு பழைய துணியை இரண்டாக மடித்துக் கைபிடியின் அடியில் உள்ளும் புறமும் வைத்து, பின்னலின் கண்களுக்குள் ஊசியை விட்டு இறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "பன்னைத் துளைக்காதே, தங்கச்சி. இடைவெளியால கொண்டு போ. துளைச்சா அங்கதான் முதல்ல கிழியும்" என்று சிங்களத்தில் சொன்னார். அந்தப் பெண் அடுத்த பையைத் தானே எடுத்துத் தைக்கத் தொடங்கினார்.

"இப்படித் துணியில பை தைச்சு விக்கலாமே, அக்கா?" என்று அவர் கேட்டார். அம்மா சிரித்தார். சிங்களத்திலேயே, நான் பின்னால் நிற்பதை அறியாமல், சொன்னார்: "மகனுக்கு ஒண்ணு தைச்சேன். வெக்கப்பட்டு மதகுக்குக் கீழ ஒளிச்சிட்டான். நான் போய் எடுத்துக் கழுவி வெங்காயம் போட்டு வெச்சேன். பாவம், சின்னப் பிள்ளைதானே."

மாணவர்கள் தேநீர்க் கடையில் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சற்று நேரம் மரத்தடியிலேயே நின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்கு அது தெரிந்திருக்கிறது. திரும்பிப் பார்த்த அம்மா, நான் கேட்டுவிட்டேன் என்பதை என் முகத்தில் கண்டிருக்க வேண்டும். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டினார்.

"கண் தெரியல்ல, மகன். இதைக் கோத்துத் தா."

வாங்கி, நுனியை எச்சில் தொட்டுத் திரித்து, வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவையும் தவறியது. எனக்கும் கண்ணாடி போடும் வயது வந்துவிட்டது. மகள் என் கையிலிருந்து ஊசியைப் பறித்துக் கோத்து, பாட்டியிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.